லைன் கிளியர்

பங்குனி முடிகிறபோது ஆரல்வாய்மொழிக் காற்று
இன்னும் பல் முளைக்காத பிள்ளை.
ஆனி பிறந்தால் கடிக்கும்.
அதற்குள் கம்பிகளைத் துப்புரவாக்கச் சொல்லி உத்தரவு.

மூன்றாம் டிரான்ஸ்பார்மரில்
ஒரு கூடை முள்.
கூடை என்றது தப்பு.
பன்னருவாளோடு போன ஒருத்தி
அந்திவரை வெட்டிக் கட்டிய சுமையளவு இருந்தது.
காக்கைக் கூடென்றால் கம்பித் துண்டு கிடக்கும், கந்தல் கிடக்கும்.
இதில் முள்ளுக்குள் முள் செருகி, மேலே முள்.
அடியில் ஒரு வாசல்.

வாசலில் கிளி.

கிளி கூடு கட்டாது.
பனைப் பொந்து, கோயில் சுவரின் ஓட்டை,
யாரோ விட்டுப்போன இருட்டில் குடியேறுகிற சாதி அது.
சிவந்த மூக்கு, கழுத்தில் ஆரம்.
இதற்கு மூக்கு நிலக்கடலைத் தொலி நிறம்.
முதுகு நாற்றங்கால் பச்சை, சரிதான்,
நெற்றியிலிருந்து நெஞ்சுவரை மட்டும் சாம்பல்,
அடுப்பூதப் போய் முகத்தில் வாங்கியதுபோல.
நெஞ்சின் ஒவ்வொரு இறகுக்கும்
ஓரத்தில் வெளுத்த கோடு:
சாளைமீனின் செதில்.
வயிற்றில் மங்கலாய் மஞ்சள்.
பறந்தபோதுதான் சிறகின் நீலம் தெரிந்தது,
மைக்கூட்டில் தோய்த்தெடுத்த நீலம்.
காலில் எஃகு வளையம், அதில் எண்.
கம்பத்துக்கும் எண் உண்டு.

வடசேரியில் பறவை விற்கிற ஷெர்வினுக்குப் படம் அனுப்பினேன்.
"அண்ணே, இது குவாக்கர். அர்ஜென்டினாக்காரன்.
உருகுவே, பராகுவே, பிரேசிலுக்குத் தெக்கே எல்லாம் உண்டு.
கிளியில குச்சி அடுக்கிக் கட்டுகது இது ஒண்ணுதான்.
ஒரு மரத்தில இருபது குடும்பம் இருக்கும்,
ஒரே கூரை, ஆளுக்கொரு வாசல், லைன் வீடு மாதிரி.
அடர்ந்த காடு ஆகாது. வெட்டவெளி, முள்மரம், அதுதான் கேக்கும்.
யாரோ கூண்டுக் கதவை மறந்திருக்காவ.
பிடிச்சா சொல்லுங்க. ஒத்தைக்கு விலை கம்மி."

தூக்குவாளியில் மரச்சீனிக் கிழங்கும் நெத்திலியும்.
மகள் பாடம் படிக்கையில் காதில் விழுந்தது:
மரச்சீனி, கொல்லாமரம், ரப்பர்
எல்லாம் அந்தக் கரையிலிருந்து கப்பலேறி வந்தவை.
கைகழுவிவிட்டு
ரப்பர் கையுறையை மாட்டினேன்.

போனில் துணைமின் நிலையம்.
இருபத்தாறு வருஷமாய்க் கேட்கிற சொல்தான்.
"லைன் கிளி..." என்று நின்றுவிட்டது நாக்கு.
"என்னது?" என்றார் மரியதாஸ்.
"கிளியர். லைன் கிளியர்."

மேலே ஏறினால் வெட்டவெளி.
மலைக்குக் கீழே காற்றாடிகள், சில சுற்றின, சில சும்மா நின்றன.
கூப்பிடு தூரத்தில் நம்மூர் உடைமரங்கள் வரிசையாய்.
கூட்டில் அவற்றின் ஒரு குச்சிகூட இல்லை.
எல்லாம் சீமைக்கருவை.
அதுவும் அந்தப் பக்கத்துச் சரக்குதான்,
சீமை என்று பேர்வைத்து இத்தனை வருஷம் வெட்டுகிறோம்.

வாசலுக்குள் கையை விட்டேன்.
முன்னறையில் எச்சம்.
உள்ளறை வேறு, பெருக்கி வைத்ததுபோல வெறுமை.
முட்டை இல்லை. எப்படி இருக்கும்.
ஸ்டே கம்பியில் உட்கார்ந்து
ஆணியால் தகரத்தைக் கீறுகிற குரலில்
அது என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது.
பிய்த்துப் போட்டேன்.
நாலு தரம் கொத்தாய் விழுந்தது, முள்ளாய்ச் சிதறவில்லை.
அப்படி ஒரு பிணைப்பு.

பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில்
'கிளிக் கூடு' என்று எழுதினேன்.
சுனிதா மேடம் சிரித்தார்.
கிளி எங்கே கூடு கட்டும் பொன்னையன், மேலிடத்தில் கேள்வி வரும் என்று
சிவப்பில் அடித்து 'காக்கை' ஆக்கினார்.

வியாழக்கிழமை தோவாளையிலிருந்து திரும்புகிறேன்.
தன்னைவிட நீளமான முள்ளைக் குறுக்கே கவ்வி
எதிர்காற்றில் அது பறந்துகொண்டிருந்தது,
முன்னே ஒரு முழம், பின்னே அரை முழம்.
வண்டியை நிறுத்தவில்லை.
எந்தக் கம்பத்துக்கு என்று தெரிந்துவிட்டால்
எழுத வேண்டிவரும்.